சம்பந்தியின் சுவருக்கு வெள்ளையடித்த காலை

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நினைப்பு எனக்கு எழுபது வயது வரைக்கும் இருந்தது. தொழில் அப்படி. நான் கணிய அளவையாளன். ஒரு கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் தந்தால் அதற்கு எத்தனை கல், எத்தனை மூடை சீமெந்து, எத்தனை கதவுப் பிணைச்சல் வேண்டும் என்று எண்ணிச் சொல்லுகிற உத்தியோகம். கொழும்பிலும் பிறகு சிட்னியிலுமாக முப்பத்தெட்டு வருடம் எண்ணியே சாப்பிட்டவன். ஓய்வு பெற்ற பிறகும் மூளை சும்மா கிடக்கவில்லை. பென்டில் ஹில் ரயில் நிலையத்துப் படிகள், முருங்கைக்காய்க் கட்டில் உள்ள காய்கள், கல்யாண மண்டபத்தில் எரியாத மின்குமிழ்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவேன். (மனைவி புனிதம் ஊருக்கெல்லாம் சொல்லுவாள்: "இவர் கோயிலுக்குப் போனாலும் சாமியைப் பாக்கிறேல்லை, தீபத்தை எண்ணிப்போட்டு வந்திடுவார்." பொய்யென்று சொல்லமாட்டேன்.)

எண்ணுகிறவனுக்கு இன்னொரு வியாதியும் கூடவே வரும். அதன் பெயர் கவலை. எண்ணிக்கை குறைந்தாலும் கவலை, கூடினாலும் கவலை. இந்த இரண்டு வியாதியும் ஒரு சனிக்கிழமை காலையில் ஒன்றுசேர்ந்ததால் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

என் ஒரே மகள் கயல்விழி கட்டடக் கலைஞர். பெரிய பெரிய கண்ணாடிக் கோபுரங்கள் கட்டுவாள் என்று எதிர்பார்த்துப் படிப்பித்தேன். அவள் கட்டியது வாங்கு, ஆட்கள் வரிசையாக இருக்கிற பெஞ்சு. சிட்னியின் ஃபேர்ஃபீல்ட் பக்கத்தில் சிலி, எல் சல்வடோர், உருகுவே என்று லத்தீன் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு சின்ன மண்டபம் இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் பதினெட்டுக் கார் நிறுத்துகிற ஒரு தரிப்பிடம். வயதானவர்கள் பின்னேரங்களில் ஆளையாள் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க ஓர் இடம் கேட்டார்கள். நகரசபை, வீதியோரம் வரிசையாக நாலு வாங்கு போட்டுக் கொடுத்தது. நாலும் போகிற வாகனங்களைப் பார்த்தபடி. யாரும் படுத்துவிடக் கூடாதென்று நடுவில் இரும்புத் தடி வேறு. சிலிக்காரருக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தரிப்பிடத்துக்கு வந்து, இயந்திரத்தில் முறையாகக் கட்டணம் போட்டுச் சீட்டு எடுத்து, கார் நிற்க வேண்டிய கட்டத்துக்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சீட்டைக் கதிரையின் முதுகில் ஒட்டிவிடுவார்கள். தண்டம் எழுத வந்தவர் கதிரைக்கு இலக்கத்தகடு இல்லாததால் எழுதத் தெரியாமல் திரும்பிப் போவாராம்.

இப்படி இருந்து இருந்தே அந்த இடத்தை வென்றார்கள். அதை ஒரு முற்றமாக மாற்றுகிற வேலையை என் மகள் சம்பளமில்லாமல் செய்து கொடுத்தாள். வளைந்த வாங்குகள் பதினொன்று, ஒவ்வொன்றும் மற்றதைப் பார்த்தபடி. (பன்னிரண்டாகப் போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்லுகிறேன்.) அங்கேதான் மத்தேயோவைச் சந்தித்தாள். சிலிக்காரப் பெடியன், சித்திரக்காரன், தலைமயிரைக் குடுமி கட்டியிருப்பான். கலியாணம் செய்யப்போகிறோம் என்று இருவரும் வந்து சொன்ன அன்றைக்கு நான் எண்ணினேன். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். சோறு என்ற ஒன்றில் கணக்கு நின்றுவிட்டது.

ஆனால் மத்தேயோவின் தாய் இஸபெல்லை முதன்முதல் சந்தித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. சம்பந்திக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. ஸ்பானிய மொழியில் இருக்கிறது. ஆண் சம்பந்திக்கு 'கொன்சுவெக்ரோ'. இஸபெல்லுக்கு எழுபது வயது, ஐந்தடி உயரம், பித்தளை மணி போன்ற குரல். என்னைக் கண்டதும் "கொன்சுவெக்ரோ" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். அந்தக் கணத்திலிருந்து, இந்த மனுசியிடம் நல்ல பெயர் எடுத்தே தீருவது என்று எனக்குள் ஒரு வெறி பிடித்துவிட்டது.

முற்றத்தின் ஒரு பக்கத்தில் ஒரு கடையின் பின்சுவர். நீளம் பதினாலு மீட்டர், உயரம் நாலு. அதில் தங்கள் கதையைப் பெரிய சித்திரமாக வரைய வேண்டும் என்பது இஸபெல்லின் கனவு. அனுமதிக்கு மூன்று வருடம் அலைந்தார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு கிடைத்தது: குறித்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நகரசபை அதிகாரி வந்து பார்க்கும்போது சித்திரம் முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மெத்தைக் கடை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. தாங்கள் கதிரை போட்டுப் பிடித்த இடத்தில், காலமெல்லாம் ஒரு மெத்தையைப் பார்த்துக்கொண்டு இருப்பதை இஸபெல்லால் கற்பனை செய்ய முடியவில்லை.

நான் உதவிக்குப் போனேன். வியாழக்கிழமை சுவருக்கு மூன்றாவது தடவை வெள்ளை அடித்து முடிந்தது. எத்தனை லீற்றர் வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்தபடியே அரை வாளிகூடத் தவறாமல் முடிந்தது. இஸபெல் மகிழ்ந்துபோய், பெயின்ற் வைத்திருந்த கொட்டிலின் பூட்டுத் திறப்பை என் கையில் தந்து, "கொன்சுவெக்ரோ, சுவர் உங்கள் பொறுப்பு" என்றார். இங்கே இரவில் வந்து கிறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம் என்றும் சொன்னார். மரியாதைக்குச் சொன்ன பேச்சு. நான் அதை அரசாங்க நியமனக் கடிதம்போல ஏற்றுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முழுவதும் காவல் இருந்துவிட்டு, பின்னேரம் கோயிலுக்குப் போக வேண்டியிருந்ததால் நாலு மணிக்குக் கிளம்பினேன்.

மறுநாள் வேலை தொடங்குவது ஒன்பது மணிக்கு. கவலைக்காரன் ஆறரைக்கே போய்விட்டேன். துணைக்கு என் காலை நடைத் தோழர் அந்தோனிப்பிள்ளை. மன்னார்க்காரர், ஓய்வுபெற்ற மருந்தாளர், எதையும் ஆறுதலாகப் பார்க்கிற மனிதர். காரை நிறுத்திவிட்டு முற்றத்துக்குள் நுழைந்தோம்.

சுவர் முழுவதும் கிறுக்கல்.

ஒரு மூலை மிச்சமில்லை. சிவப்பு, நீலம், பச்சை. வட்டங்கள், அம்புக்குறிகள், நட்சத்திரங்கள், ஒரு மீன், மூக்கில்லாத ஒரு முகம், இலக்கங்கள், எந்த மொழி என்றே தெரியாத சுழிகள். நான் காவல் காத்த சுவர். நான் கோயிலுக்குப் போன நேரத்தில்.

அந்தோனிப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். பிறகு சொன்னார். "ஐசே, உது பொடியள் கிறுக்கின மாதிரித் தெரியேல்லை. மேல பாரும். நாலு மீற்றர் உயரம். ஏணி வைச்செல்லோ கீறியிருக்கு. களவாக் கீற வாறவன் ஏணியும் கொண்டே வருவான்?"

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எனக்கு அது காதில் விழவில்லை. ஏனென்றால் அதற்குள் என் கண் வேறொன்றில் பட்டுவிட்டது. சுவரின் நடுவில், ஓர் ஆள் உயரத்துக்கு, நீல நிறத்தில், திருத்தமாக ஒரு 'ழ'.

பக்கத்தில் ஓர் 'அ'. கீழே 'ஞ'. எண்ணினேன். ஏழு தமிழ் எழுத்துகள்.

வாசகர்கள் என் நிலைமையை யோசித்துப் பார்க்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ மொழிகள் இருக்க, சம்பந்தி வீட்டுச் சுவரில் கிறுக்கியவன் தமிழன். இஸபெல் இதைக் கண்டால் என்ன நினைப்பார்? நாளைக்கு என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து இருப்பாள்?

"எங்கட பொடியள்தான் ஐசே," என்றேன். "ஒருத்தருக்கும் தெரிய முன்னம் அழிச்சுப்போட வேணும்."

"பிள்ளைக்கு ஒருக்கா போன் பண்ணிக் கேளுமன்."

"கேட்டால் தெரிஞ்சிடும்."

என்னிடம் கொட்டிலின் திறப்பு இருந்தது. உள்ளே வெள்ளைப் பெயின்ற் இருந்தது. (அவசரத்துக்கென்று இரண்டு வாளி கூடுதலாக வாங்கி வைக்கச் சொன்னவன் நானேதான்.) நீளத் தடியில் மாட்டிய ரோலர்கள் இரண்டு. அந்தோனிப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே ஒன்றை எடுத்தார். தமிழ் எழுத்துகளைத்தான் முதலில் அழித்தேன். 'ழ' மட்டும் இலேசில் போகவில்லை. அதற்கு மூன்று பூச்சு வேண்டியிருந்தது. இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பத்தாறு சதுர மீட்டரும் பால்போல ஆகிவிட்டது. ரோலர்களைக் கழுவி, தடிகளைத் துடைத்து, வாங்கில் இருந்து போத்தல் கோப்பியைப் பகிர்ந்து குடித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாகக் கோப்பி குடித்த நாள் வேறு இல்லை. இனி வரப்போவதும் இல்லை.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்தார்கள். முன்னால் இஸபெல்லும் அவருடைய வயதுச் சிநேகிதிகள் ஆறு பேரும், கையில் எம்பனாடாத் தட்டுகளோடு. (உள்ளே கறி வைத்துப் பொரிக்கிற எங்கள் பற்றிஸுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பின்னால் கயலும் புனிதமும். கடைசியாக மத்தேயோ, கண் சிவந்து, நித்திரை இல்லாத முகத்தோடு, கையில் ஒரு கணினிப் பலகையை ஏந்திக்கொண்டு.

அவன் பலகையை உயர்த்தினான். சுவரைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான். பிறகு, வேறு முற்றத்துக்கு வந்துவிட்டோமோ என்பதுபோல வாங்குகளைப் பார்த்தான்.

நான் மெதுவாகக் கயலிடம் போய், ஒன்றும் பயப்பிடாதே, ஆர் செய்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது, அப்பா எல்லாத்தையும் துடைச்சாச்சு என்று காதுக்குள் சொன்னேன்.

"அப்பா," என்றாள் கயல். குரல் மிகவும் அமைதியாக இருந்தது. அவள் அமைதியானால்தான் எனக்குப் பயம். "அந்த 'ழ' எழுதினது நான்."

விளக்கம் பிறகுதான் வந்தது. பெரிய சுவரில் படம் வரைகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறதாம். முதலில் சுவர் முழுவதும் கைக்கு வந்ததையெல்லாம் கிறுக்குவார்கள். பிறகு அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தின் மேல் தங்கள் சித்திரத்தைக் கணினியில் பதிப்பார்கள். இன்ன முகத்தின் கண் இந்த மீனின் வாலுக்குப் பக்கத்தில், இன்ன கை அந்த நட்சத்திரத்துக்குக் கீழே என்று கிறுக்கலை அடையாளமாக வைத்தே அளவு பிசகாமல் வரைந்துவிடலாம். வெள்ளிக்கிழமை நான் போன பிறகு, தெருவில் போனவர்களைக்கூடக் கூப்பிட்டு ஆளுக்கொன்று கிறுக்க வைத்திருக்கிறார்கள். கயல் தன் பங்குக்குத் தமிழ் எழுதியிருக்கிறாள். மத்தேயோ இராமுழுக்கக் கண்விழித்து ஒவ்வொரு கோட்டையும் பொருத்தியிருக்கிறான். இப்போது பலகையில் இருந்த சுவரும் எதிரில் நின்ற சுவரும் ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாதவை.

மறுபடி கிறுக்கி, மறுபடி பொருத்தினால் என்ன என்று கேட்டேன். அதற்கு இன்னொரு நாள் போய்விடும், மிச்ச நேரத்தில் வரைந்து முடியாது என்றான் மத்தேயோ. மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் வலித்தது. புனிதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது வருடத்தில் எனக்குத் தெரியாத பார்வை அது.

"நான் சொன்னனான்," என்று எம்பனாடாவைக் கடித்தபடி சொன்னார் அந்தோனிப்பிள்ளை. "ஏணியெண்டு சொன்னனான்."

நான் எதிர்பார்த்தது அழுகை. ஆனால் இஸபெல் சுவருக்குக் கிட்டப் போய், உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைப் போலவே கொஞ்சம் நொண்டும். அதைத் தமிழில் தருகிறேன்.

"என் வாழ்க்கையில் என் சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் இரண்டே இரண்டு பேர். முதலில், சிலியில் ஆட்சியைப் பிடித்த இராணுவம். இப்போது என் சம்பந்தி." சுவரை இன்னொருதரம் தடவினார். "உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் அவர்களைவிடத் திறமாக அடித்திருக்கிறீர்கள்."

அந்த ஆறு கிழவிகளும் சிரிக்கத் தொடங்கினார்கள். சாதாரணச் சிரிப்பில்லை. ஒருவர் வாங்கைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிறகுதான் கயல் சொன்னாள். அவர்கள் இளமையில் சாந்தியாகோ நகரத்தில் சுவர்ச் சித்திரக் குழுக்களில் இருந்தவர்களாம். அனுமதியெல்லாம் கிடையாது. பொலிஸ் வர முன்னம் ஒரு முழுச் சுவரை முடித்துவிட்டு ஓட வேண்டும். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் கறுப்பில் கோடு போட்டுக்கொண்டே முன்னால் போவார். பின்னால் வருகிறவர்கள் நிறம் நிரப்புவார்கள். அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் ஓரம் தீட்டுவார்கள். அளவுமில்லை, கணினியுமில்லை.

"அங்கே எங்களுக்கு இருந்தது அரை மணித்தியாலம்," என்றார் இஸபெல். "இங்கே இரண்டு நாள் இருக்கிறது. மத்தேயோ, அந்தப் பலகையை மூடிவை."

அகலமான தூரிகை ஒன்றைக் கூட்டுகிற தும்புத்தடியின் முனையில் கட்டச் சொன்னார். கறுப்பில் தோய்த்தார். ஐந்தடி மனுசி, எழுபது வயது, தோளில் ஏற்கெனவே ஒரு சத்திரசிகிச்சை. தடியை உயர்த்தி, சுவரின் இடது முனையில் வைத்து, எடுக்காமலே நடக்கத் தொடங்கினார். கோடு அவருடன் நடந்தது. ஒரு தலை வந்தது. தலைக்கு மேல் ஒரு கதிரை வந்தது. அடுத்த தலை, அடுத்த கதிரை. கதிரைகளைத் தலையில் சுமந்துகொண்டு ஓர் ஊர்வலமே சுவரில் போகத் தொடங்கியது. நான் அளவு பார்க்கிற கண்ணால் பார்த்தேன். ஒரு கதிரையின் கால் மற்றதைவிட நீளம். சொல்ல வாயெடுத்தேன். புனிதம் என் கையைப் பிடித்தாள்.

எல்லோருக்கும் வேலை கிடைத்தது. கயல் ஏணியில். மத்தேயோ நிறம் கலந்தான். அந்தோனிப்பிள்ளைக்கு ஊர்வலத்துக் கழுதை ஒன்றை நிரப்பக் கொடுத்தார்கள். புனிதம், வாழ்க்கையில் வாசல் கோலத்துக்கு மேல் எதையும் தொடாதவள், ஓரம் தீட்டுகிற வரிசையில் முதலாம் ஆளாகிவிட்டாள், கை நடுங்குவதில்லையாம். நானும் ஒரு தூரிகையை எடுத்தேன். ஏழு பெண்கள் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றார்கள், இரண்டு மொழியில்.

எனக்கு இஸபெல் வேறு வேலை தந்தார். ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டி, முற்றத்தின் வாசலில் நிற்க வைத்தார். அந்தக் காலத்தில் குழுவில் மிக முக்கியமான ஆள் விசில்காரர்தான், பொலிஸ் வந்தால் ஊதுவார் என்றார். (என்னைப் பெயின்ற்றிலிருந்து தூர வைக்கிற உபாயம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.) ஒரு பொறுப்பைத் தந்தால் அதைச் சரியாகச் செய்கிறவன் நான். நிமிர்ந்து நின்று, போகிற வருகிற வாகனங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டாவது வாகனம் பொலிஸ் கார்.

அது திரும்பி முற்றத்துக்குள்ளேயே வந்தது. எனக்கு என்ன செய்வதென்று சொல்லித் தந்திருந்தார்கள். செய்தேன். நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் சேர்த்து ஊதினேன்.

திரும்பிப் பார்க்கிறேன், ஏழு கிழவிகளில் ஒருவரும் சுவரடியில் இல்லை. தூரிகைகள் நிலத்தில் கிடக்கின்றன. முழங்கால் மாற்றினவர், ஊன்றுகோல் வைத்திருந்தவர், எல்லோரும் மண்டபத்தின் பின்கதவால் பறந்துவிட்டார்கள். ஊன்றுகோல் மட்டும் வாங்கில் சாய்ந்து நின்றது. இஸபெல்லின் வலதுகால் சப்பாத்து வாசற்படியில் இருந்தது. ஐம்பது வருடத்துக்கு முந்திய காலுக்கு, இது சிட்னி என்று யாரும் சொல்லவில்லை.

காரிலிருந்து இறங்கிய இளம் பொலிஸ்காரி, சித்திரம் கீறுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாளாம். கையில் விசிலோடு நான். முன்னால் ஆளில்லாத சுவர். "எவ்ரிதிங் ஓகே, சேர்?" என்று கேட்டாள். அந்தோனிப்பிள்ளை ஒரு எம்பனாடாவை நீட்டினார். உள்ளே இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. பிறகு இரண்டு. பிறகு ஏழு பேரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் வடிய, வெளியே வந்தார்கள். இஸபெல் ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டி நொண்டி வந்து என் கன்னத்தில் ஒரு முத்தம் தந்தார். ஊரில் ஒரு சம்பந்தியும் செய்யாத காரியம். புனிதம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள், அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வேலை எப்படி ஓடியது என்று எனக்கே தெரியாது. தெருவில் போனவர்களெல்லாம் உள்ளே வந்தார்கள். பொலிஸ்காரிகூட ஒரு கதிரைக் காலுக்கு மஞ்சள் பூசிவிட்டுத்தான் போனாள். ஞாயிறு பின்னேரம் வெளிச்சம் மங்க முன்னம் கடைசி ஓரமும் தீட்டி முடிந்தது. திங்கள் பத்து மணிக்கு வந்த அதிகாரி நெடுநேரம் பார்த்துவிட்டு, தாங்கள் அனுமதித்த படம் இதுவல்லவே என்றார். பிறகு, இது அதைவிட நல்லாயிருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மெத்தைக் கடைக்காரர் வேறு சுவர் பார்த்துக்கொண்டார்.

ஊர்வலத்தின் கடைசியில், வலது மூலையில், ஒரு சின்ன மனிதர் இருக்கிறார். அவர் தலையில் கதிரை இல்லை. வழுக்கைத் தலை, கழுத்தில் விசில், ஒரு கையில் வெள்ளை ரோலர். மற்றக் கையை உயர்த்தி முன்னால் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஞாயிறு மத்தியானம் நான் சாப்பிடப் போன நேரத்தில் இஸபெல் வரைந்தது. பார்த்த உடனேயே எண்ணிவிட்டேன். அந்தக் கையில் ஆறு விரல்.

இஸபெல்லிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்து, ஐந்துதானே என்றார். மத்தேயோவும் எண்ணினான், ஐந்து. கயலும் ஐந்து. அந்தோனிப்பிள்ளை நாலரை என்றார். வந்தவர்கள் எல்லோரிடமும் முன்னமே பேசி வைத்திருந்திருக்கிறார்கள்.

கலியாணம் நடந்து ஐந்து வருடமாகிறது. அந்த முற்றத்தில்தான் நடந்தது. தாலிகட்டு முடிந்த கையோடு ஏழு கிழவிகளும் விசில் ஊதினார்கள். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது துடைக்கப் போனால் "'ழ' இருக்கோ பாத்துத் துடையுங்கோ" என்பது இன்றைக்கும் வழக்கம். அந்த ஆறாவது விரலை மறைக்க ஒரு சொட்டு வெள்ளை போதும். ஆனால் வெள்ளைப் பெயின்ற் இருக்கிற கொட்டிலின் திறப்பு இப்போது புனிதத்திடம்.

பேத்தி அமாயாவுக்கு நாலு வயது. எண்ணப் பழக்கியது நான்தான். வேறு யாரிடமும் அந்தப் பொறுப்பை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூட்டிப் போய் கதிரைகளையும் தலைகளையும் எண்ண வைப்பேன். போன மாதம் அவளுடைய பாலர் பள்ளி ஆசிரியை கயலைக் கூப்பிட்டு, பிள்ளை நன்றாக எண்ணுகிறாள், ஆனால் ஒரு சின்னப் பிரச்சினை என்றாராம். ஒரு கையில் எத்தனை விரல் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ஐந்து என்றார்கள். அமாயா எழுந்து நின்று திருத்தியிருக்கிறாள்: எல்லாருக்கும் ஐந்து, அம்மப்பாவுக்கு மட்டும் ஆறு.

வீட்டுக்கு வந்ததும் அவளை மடியில் இருத்தி, என் கையை விரித்துக் காட்டி, எண்ணு என்றேன். ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். ஐந்தில் நின்றது. கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"அம்மப்பா," என்றாள், "மற்றதையும் அழிச்சுப்போட்டீங்களா?"